நாயனக்காரரின் பயோடேட்டா: பாசூன், போட்டி, மாநாடு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு அப்ளிகேஷன் ஃபார்ம்ல இருந்து ஆரம்பிக்குது.

எனக்குச் சொந்த ஊர் புளியங்குடின்னு பழைய எபிசோடுகள்ல சொல்லியிருக்கேன். எலுமிச்சம்பழ மார்க்கெட், மேற்க பார்த்தா மலை, கிழக்க போனா சங்கரன்கோவில். அங்க எங்க பெரியம்மா வீட்டுக்கு அடுத்த தெருவுல ஒரு தம்பி இருக்கான். வயசு 20. எட்டு வருஷமா நாயனம் வாசிக்கிறான். நாயனம்னா நாதஸ்வரம்தான். எங்க பக்கம் பெரியவங்க யாரும் நாதஸ்வரம்னு முழுசா சொல்ல மாட்டாங்க, நாயனம், மேளம், அவ்வளவுதான். நாதஸ்வரமா நாகஸ்வரமான்னு ஒரு பெரிய பஞ்சாயத்தே உண்டு, அதுக்குள்ள இன்னைக்குப் போகல.

போன மாசம் இந்தத் தம்பி ஃபோன் பண்ணான். வெளிநாட்டுல ஒரு இடத்துல இளம் இசைக்கலைஞர்களுக்கு மூணு மாசம் தங்கி வேலை செய்ய உதவித்தொகை கொடுக்கறாங்க, யாரோ லிங்க் அனுப்பியிருக்காங்க. ஃபார்மை ஓப்பன் பண்ணியிருக்கான். பேரு, ஊரு, வாத்தியம் எல்லாம் எழுதிட்டான். அப்புறம் ரெண்டு கட்டம். ஒண்ணு, "கலந்துகொண்ட போட்டிகள், பெற்ற பரிசுகள்." இன்னொண்ணு, "மாநாடுகள், பட்டறைகளில் பங்களிப்பு."

"அண்ணே, இதுல என்னத்தண்ணே போட? நான் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தானே வாசிச்சிருக்கேன்."

உண்மையைச் சொல்றேன், எனக்கும் அந்த நிமிஷம் பதில் வரல. கட்டத்துக்குக் கீழ மாதிரிக்குன்னு ஒரு கலைஞரோட பயோ கொடுத்திருந்தாங்க. அவர் ஒரு பாசூன் கலைஞர். அந்தப் பயோல ரெண்டு கட்டமும் நிரம்பி வழியுது. எத்தனையோ போட்டியில ஃபைனலிஸ்ட், எத்தனையோ மாநாட்டுல கச்சேரி, ரீடு செய்யற பட்டறை நடத்தியிருக்கார். தம்பி அதைப் பார்த்துட்டுத்தான் பயந்துபோயிருக்கான்.

அதனால இந்த எபிசோடு: பாசூன்காரங்க வாழ்க்கையில போட்டி, மாநாடுன்னா என்ன, நம்ம நாயனக்காரங்க வாழ்க்கையில அது எங்க இருக்கு, எங்க இல்ல.

முதல்ல பாசூன்னா என்னன்னு ஒரு நிமிஷம். டிஸ்னியோட 'ஃபேன்டேசியா' படம், 1940ல வந்தது, அதுல மிக்கி மவுஸ் மந்திரம் போட்டதும் ஒரு துடைப்பம் எழுந்து தத்தித் தத்தி நடந்து தண்ணி சுமக்கும்ல? அந்த நடைக்கு வர்ற கட்டைக்குரல் வாத்தியம்தான் பாசூன். மேப்பிள் மரக் குழல். நிமிர்த்தி வெச்சா நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவா நிக்கும், ஆனா உள்ள குழலை மடிச்சு வெச்சிருக்காங்க, நீட்டினா எட்டு அடிக்கு மேல வரும். ஜெர்மன்ல 'ஃபாகோட்'னு பேரு. விறகுக்கட்டுன்னு கிண்டலா ஒரு அர்த்தம் சொல்லுவாங்க.

இப்ப முக்கியமான விஷயம். பாசூனும் நாதஸ்வரமும் ஒரே குடும்பம். ரெண்டுமே ரெட்டை நாக்கு வாத்தியம். புல்லாங்குழல்ல காத்து ஒரு விளிம்புல மோதும். கிளாரினெட், சாக்ஸபோன்ல ஒரே ஒரு நாணல் தகடு. ஆனா பாசூன், ஓபோ, ஷெனாய், நாதஸ்வரம் எல்லாத்துலயும் ரெண்டு தகடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும், நடுவுல ஊசி நுழையற மாதிரி ஒரு சந்து. ஊதும்போது அந்த ரெண்டும் படபடன்னு மூடித் திறக்கும். அதுதான் சத்தத்தோட பிறப்பிடம். மரம், துளை, அணசு எல்லாம் அதுக்கப்புறம்தான்.

நம்ம ஊர்ல அதுக்குப் பேரு சீவாளி. காவிரிக்கரையில வளர்ற கொறுக்கைங்கற நாணல் வகையில செய்யறது. திருவாவடுதுறை மாதிரி ஊர்கள்ல தலைமுறை தலைமுறையா இதுக்குன்னே குடும்பங்கள் இருக்கு. பாசூன் ரீடுக்கும் ஒரு பெரிய நாணல்தான், தெற்கு பிரான்ஸ்ல வார்ங்கற பகுதியில விளையறதுக்கு மதிப்பு ஜாஸ்தி. காவிரிப் புல், பிரெஞ்சுப் புல். ரெண்டு பேருமே கடைசியில ஒரு புல்லுகிட்ட மாட்டிக்கிட்டவங்க.

மாட்டிக்கிட்டவங்கன்னு ஏன் சொல்றேன்னா, இந்தப் புல் சொன்ன பேச்சைக் கேட்காது. மழை வந்தா ஒரு மாதிரி, ஏசி ஹால்ல ஒரு மாதிரி. நேத்து அருமையா பேசினது இன்னைக்குப் பிளிறும். நாதஸ்வரக்காரங்க வாத்தியத்துல ஒரு கொத்து தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. அலங்காரம்னு நினைச்சிருப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுல மாத்துச் சீவாளிகளும், சீவாளியைச் சரிபண்ற ஊசியும் தொங்கும். அவசரச் சிகிச்சைப் பெட்டி அது.

பாசூன் கலைஞர்கள் பெரும்பாலும் தங்களோட ரீடை தாங்களே செஞ்சுக்குவாங்க. நாணலை வாங்கி, சீவி, மடிச்சு, கம்பி கட்டி, நூல் சுத்தி, கத்தியால மயிரிழை மயிரிழையா சுரண்டி. வாசிக்கற நேரத்துக்குச் சமமா ரீடு செய்யற நேரம் போகும்னு அவங்களே புலம்புவாங்க.

இந்தப் புலம்பல்ல இருந்துதான் அவங்க மாநாடே பொறந்துச்சுன்னு எனக்குத் தோணுது. யோசிச்சுப் பாருங்க, ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுல வயலின்காரங்க 30 பேர் இருப்பாங்க, பாசூன்காரங்க ரெண்டு பேரு, மிஞ்சினா நாலு. தன்னோட பிரச்சினையைப் பேசறதுக்கு ஊர்ல ஆளே கிடையாது. 1971ல 'இன்டர்நேஷனல் டபுள் ரீட் சொசைட்டி'னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஓபோக்காரங்களும் பாசூன்காரங்களும் சேர்ந்த சங்கம். வருஷா வருஷம் ஒரு ஊர்ல கூடுவாங்க. கச்சேரி இருக்கும், மூத்தவங்க இளையவங்களுக்கு மேடையிலேயே பாடம் எடுப்பாங்க, புதுசா எழுதின இசையை முதல் தடவையா வாசிப்பாங்க. பக்கத்து ஹால்ல கடைவீதி மாதிரி நாணல், சீவற மெஷின், வாயில வைக்கற வளைஞ்ச உலோகக் குழாய் எல்லாம் விக்கும். எல்லாத்துக்கும் மேல ரீடு பட்டறை. ஒருத்தர் தன் ரீடை எப்படிச் சுரண்டுறார்னு 50 பேர் முன்னாடி திறந்து காட்டுவார். தொழில் ரகசியம்னு ஒளிச்சு வைக்கறதில்ல.

அந்த மாநாட்டோடவே ஒரு போட்டியும் உண்டு. 'ஜிலே-ஃபாக்ஸ்' போட்டி. ஃபெர்னான்ட் ஜிலே ஒரு ஓபோ கலைஞர், ஹியூகோ ஃபாக்ஸ் ஒரு பாசூன் கலைஞர், ரெண்டு பேர் பேரையும் சேர்த்து வெச்சது. இளம் கலைஞர்கள் முதல்ல ரெக்கார்டிங் அனுப்பணும், தேர்வானவங்க மாநாட்டுல நேர்ல வாசிக்கணும். இதைவிடப் பெரிய மேடை மூனிக் நகரத்துல நடக்கற ஏஆர்டி போட்டி. 1952லிருந்து நடக்குது. வருஷத்துக்குச் சில வாத்தியங்கள்னு சுழற்சி முறை. பாசூன் தினமும் வராது. 2019ல வந்துச்சு. அதாவது 19 வயசுல ஒரு முறை தவறவிட்டா, அடுத்த முறை வரும்போது நீங்க வேற ஆளா இருப்பீங்க.

இந்தப் போட்டிகள்ல எல்லாரும் வாசிச்சுக் காட்ட வேண்டிய சில உருப்படிகள் இருக்கு. மொசார்ட் 1774ல, தன்னோட 18 வயசுல எழுதின பாசூன் கான்செர்ட்டோ அதுல ஒண்ணு. 250 வருஷமா ஒவ்வொரு பாசூன் மாணவரும் அதே பக்கத்தைத் தேய்ச்சுக்கிட்டிருக்காங்க. ஆர்க்கெஸ்ட்ரா வேலைக்குப் போனா ஸ்ட்ராவின்ஸ்கியோட 'ரைட் ஆஃப் ஸ்ப்ரிங்', 1913ல பாரிஸ்ல அரங்கேறினது, அதோட முதல் சில வினாடிகளை வாசிக்கச் சொல்லுவாங்க. தனியா ஒரே ஒரு பாசூன், அதோட உச்சஸ்தாயியில, கூட யாருமே இல்லாம ஆரம்பிக்கும். அதுல ரீடு காலை வாரினா ஒளிய இடமே கிடையாது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பல ஆர்க்கெஸ்ட்ராக்கள்ல வேலைக்கு எடுக்கற ஆடிஷன் திரைக்குப் பின்னால நடக்கும். வாசிக்கறவங்க ஆணா பொண்ணா, எந்த ஊரு, யாரோட சிஷ்யர், எதுவும் தேர்வுக் குழுவுக்குத் தெரியாது. காதுல விழறதுக்கு மட்டும் மார்க்கு.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம். தம்பியோட காலிக் கட்டத்துக்கு.

போட்டின்னதும் நம்ம எல்லார் தலையிலயும் ஓடறது ஒரே படம். 1968, 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜியோட விரலும் கன்னமும் நமக்கு ஞாபகம் இருக்கு. ஆனா சத்தம் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமியோடது. படத்துல நாயனத்துக்கும் நாட்டியத்துக்கும் போட்டி. நிஜத்துல நாயனக்காரங்களுக்கு வேற மாதிரிப் போட்டி இருந்துச்சு. ஒரு திருவிழாவுக்கு ரெண்டு மூணு செட் மேளம் வருவாங்க. சாமி புறப்பாட்டுல ஒருத்தர் வாசிச்சு முடிச்சதும் அடுத்தவர் எடுக்கணும். இவர் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் வாசிச்சா, அவர் என்ன செய்வார்னு தெருவே காத்துக் கிடக்கும். நடுவர் குழு, மார்க் ஷீட் எதுவும் கிடையாது. ஆனா அடுத்த வருஷம் யாரைக் கூப்பிடுவாங்கங்கறது அன்னைக்கு ராத்திரி முடிவாயிடும்.

அதுவும் சும்மா இஷ்டத்துக்கு வாசிக்கறது இல்ல. சாமி கிளம்பும்போது மல்லாரி. கம்பீரநாட்டை ராகம், பாட்டு வரி கிடையாது, லயக் கணக்குதான் உயிர். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, நைவேத்தியத்துக்குத் தளிகை மல்லாரி. அப்புறம் வீதியில ராக ஆலாபனை. தெருவுல நின்னுக்கிட்டு, தோள் வலிக்க வலிக்க, மைக் இல்லாம. மொசார்ட் கான்செர்ட்டோ சுமார் 20 நிமிஷம். இங்க ஒரு புறப்பாடு பாதி ராத்திரி.

எங்க பக்கத்துக்குன்னு ஒரு பெரிய பேரு இருக்கு. காருக்குறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவி பக்கத்துல காருக்குறிச்சியில 1921ல பொறந்தவர், பின்னாடி கோவில்பட்டியில வீடு கட்டிக் குடியிருந்தவர். புளியங்குடியில இருந்து சங்கரன்கோவில் வழியாக் கிழக்க போனா வர்ற அதே கோவில்பட்டி. அங்க அவருக்குச் சிலை இருக்கு. 1962ல 'கொஞ்சும் சலங்கை' படத்துல எஸ். ஜானகி குரலோட போட்டி போடற நாயனம் அவரோடது. 1964ல நாற்பத்திச் சொச்ச வயசுலயே போயிட்டார். அவரோட நிஜமான போட்டி மேடை கோயில் வாசலும் கல்யாணப் பந்தலும்தான். அந்தப் பயோ மாதிரி எழுதச் சொன்னா, போட்டிக் கட்டம் அவருக்கும் காலியாத்தான் இருந்திருக்கும்.

அவரோட குரு டி.என். ராஜரத்தினம் பிள்ளை. தோடின்னா ராஜரத்தினம், ராஜரத்தினம்னா தோடி. 1898ல பொறந்தவர். நாயனக்காரர்னா நின்னுக்கிட்டு வாசிக்கணும், குடுமி வெச்சிருக்கணும்னு இருந்த காலத்துல, கிராப் வெட்டி, ஷெர்வானி போட்டு, மேடையில உட்கார்ந்து வாசிச்சார். சுருதிக்கு ஒத்து ஊதறதுக்குப் பதிலா தம்புரா வெச்சுக்கிட்டார். 1940ல 'காளமேகம்' படத்துல ஹீரோவாவே நடிச்சார். இதெல்லாம் பந்தாவுக்காகப் பண்ணினார்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல. பாட்டுக்காரருக்கு ஜமுக்காளம், நாயனக்காரருக்குத் தரைன்னு இருந்த ஒரு ஏற்பாட்டை அவர் உடம்பாலயே எதிர்த்தார். நாயனம் வாசிச்சவங்கள்ல இசை வேளாளர், மருத்துவர் சமூகத்தவர், முஸ்லிம்கள்னு பல பேர். சபா மேடையில யார் உட்காரலாம்ங்கற கேள்வியில சாதி இல்லாம இல்ல.

அவர் செஞ்ச இன்னொரு வேலை அதிகம் பேசப்படறதில்ல. பழைய நாயனம் திமிரி. குட்டையா இருக்கும், சுருதி உசரம், நாலு கட்டைக்கு மேல. கோயில்ல நாலு தெருவுக்குக் கேட்கும். ஆனா சபா மேடைக்கு அது காதைக் கிழிக்கும், சுத்த மத்தியமமும் சரியா பேசாது. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில ரங்கநாதன் ஆசாரின்னு வாத்தியம் செய்யறவர். ராஜரத்தினம் பிள்ளைக்காக 1955 வாக்குல அவர் நீளமா, சுருதி இறக்கி, மத்தியமம் சுத்தமா பேசற பாரி நாயனத்தை உருவாக்கினார். இன்னைக்குக் கச்சேரி மேடையில நீங்க கேட்கற நாதஸ்வரம் பெரும்பாலும் அதுதான்.

இதே கதை பாசூனுக்கும் உண்டு. 1800கள்ல கார்ல் அல்மென்றேடர்னு ஒரு ஜெர்மன் பாசூன் கலைஞர். வாத்தியத்துல சில சுரங்கள் சரியா பேசலைன்னு துளைகளை மாத்தி, சாவிகளைச் சேர்த்து, அதைப்பத்திப் புத்தகமும் எழுதினார். அப்புறம் யோஹான் ஆடம் ஹெக்கல்ங்கற வாத்தியக் கைவினைஞரோட சேர்ந்து 1831ல பட்டறை போட்டார். ஹெக்கல் பாசூன் இன்னைக்கும் உலகத்துல கனவு வாத்தியம். வாசிக்கறவரும் செய்யறவரும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து பேசினதுதான் ரெண்டு கதைக்கும் அடிப்படை. என்னைக் கேட்டா அதுதான் மாநாடு. ரெண்டே பேர் வந்த மாநாடு.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கிடைச்சது. நல்ல விஷயம். ஆச்சா மரத்துல செய்யறாங்க. பச்சை மரம் ஆகாது, நாள்பட்டு உலர்ந்தது வேணும். அதனால பழைய வீடு இடிக்கற இடத்துல இருந்து உத்தரக் கட்டையை வாங்கிக் கடைவாங்க. யாரோ ஒருத்தர் வீட்டுக் கூரையைத் தாங்கினது இப்ப தோடி பாடுது.

இப்ப மாநாட்டுக் கட்டம்.

நம்ம ஊர்ல மாநாடு இல்லைன்னு சொல்ல முடியாது. 1927 டிசம்பர்ல சென்னையில காங்கிரஸ் மாநாடு நடந்தப்ப, கூடவே அகில இந்திய இசை மாநாடு ஒண்ணு நடந்துச்சு. அதோட விளைவா 1928ல மியூசிக் அகாடமி வந்துச்சு. டிசம்பர் சீசன்ல சாயங்காலக் கச்சேரிதான் நமக்குத் தெரியும். ஆனா காலையில அங்க நடக்கற செயல்விளக்கப் பேச்சுகள் இருக்கே, அதுதான் மாநாடு. ஒவ்வொரு வருஷமும் அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கறவருக்குத்தான் சங்கீத கலாநிதி பட்டம். தமிழ் இசைச் சங்கம் 1943ல ஆரம்பிச்சது. அவங்களும் 1949லிருந்து பண் ஆராய்ச்சிக் கூட்டம் நடத்தறாங்க.

அகாடமி மாநாட்டுக்குத் தலைமை தாங்கின நாதஸ்வரக்காரர்களை விரல்விட்டு எண்ணலாம். 1956ல திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. 1998ல ஷேக் சின்ன மௌலானா. ராஜரத்தினம் பிள்ளை அந்தப் பட்டியல்ல இல்ல. அவர் இறந்தது 1956 டிசம்பர் 12. சில நாள்லயே ஆரம்பிச்ச அந்த வருஷ மாநாட்டுக்குத்தான் முதல்ல சொன்ன சுப்பிரமணிய பிள்ளை தலைவர். இதை எப்படி எடுத்துக்கறதுன்னு உங்களுக்கே விட்டுடறேன்.

ஆனா டிசம்பர் சீசன்லயும் சரி, எந்த விழாவுலயும் சரி, நாதஸ்வரம் கட்டாயம் உண்டு. எப்போ? தொடக்கத்துல. மங்கள இசை. ஜனங்க செருப்பைக் கழட்டி, சீட்டு தேடி, தெரிஞ்சவங்களுக்குக் கை காட்டற நேரம். மைக் செக் பண்ற நேரம். மரியாதைக்குரிய இடம்னு பேரு, கேட்கறதுக்கு ஆள் கிடையாது. கல்யாணத்துலயும் இதேதான். எங்க அண்ணன் கல்யாணத்துல மேளக்காரர் ஒரு அருமையான ஷண்முகப்பிரியா வாசிச்சிட்டிருந்தார். நான் பக்கத்துல நின்னு ஃபோன்ல டாக்ஸிக்காரர்கிட்ட வழி சொல்லிட்டிருந்தேன். கெட்டி மேளம்னு குரல் வந்ததும் அவர் அந்த ராகத்தைப் பாதியில வெட்டிட்டு மாறினார். அப்போ எனக்கு உறைக்கல, இப்ப உறைக்குது.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாத் தெரியறது வேற. சீவாளியைப்பத்திப் பேச ஒரு இடம். பாசூன்காரங்க வருஷா வருஷம் கூடிச் சுரண்டல் கணக்கைப் பகிர்ந்துக்கறாங்க. நம்ம பக்கம் அந்த அறிவு குரு வீட்டுத் திண்ணையிலயும் சீவாளி செய்யறவங்க கையிலயும் இருக்கு. அங்க போய் உட்கார்ந்தவனுக்குக் கிடைக்கும். காவிரிக்கரைக்காரனுக்குச் சுலபம். புளியங்குடிக்காரன் பஸ் ஏறிப் போகணும், இல்ல பார்சல்ல வர்ற சீவாளியில பத்துல ரெண்டு பேசினா சந்தோஷப்படணும். நம்ம தம்பி அப்படித்தான். வாங்கற கட்டுல பாதி வீணாப் போகுதுன்னு சொன்னான். எதனால வீணாச்சுன்னு அவனுக்குச் சொல்லித் தர பக்கத்துல ஆளில்ல.

ஏற்பாடே இல்லைன்னு சொன்னா தப்பு. அரசு மாவட்ட இசைப்பள்ளிகள் இருக்கு, மூணு வருஷப் படிப்பு, நாதஸ்வரமும் தவிலும் சொல்லித் தர்றாங்க. பழனி கோயில் சார்புல நாதஸ்வர, தவில் பள்ளி நடக்குது. ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்துல 1982ல ஒரு நாதஸ்வர ஆசிரமமே ஆரம்பிச்சார். அவர் ஆந்திராவுல கரவதியில பொறந்து, தஞ்சாவூர் பாணி மேல இருந்த ஆசையில தமிழ்நாட்டுக்கு வந்து ஸ்ரீரங்கத்துல தங்கினவர். அவர்கிட்ட படிச்ச காலீஷாபி மஹபூப், ஷேக் மஹபூப் சுபானி தம்பதிக்கு 2020ல பத்மஸ்ரீ வந்துச்சு. நாதஸ்வர மேடையில பெண்களே அபூர்வமா இருந்த காலத்துல காலீஷாபி ஊத ஆரம்பிச்சவங்க.

திரைக்குப் பின்னால ஆடிஷன்னு சொன்னேன்ல? அது நம்மகிட்டயும் இருக்கு. ஆல் இந்தியா ரேடியோ. 1950கள்ல பி.வி. கேஸ்கர் மந்திரியா இருந்தப்ப வந்த முறை. வாசிக்கறவர் ஒரு ரூம், கேட்கறவங்க இன்னொரு ரூம், பேருக்குப் பதிலா நம்பர். பெரிய வித்வான்கள் பலருக்கு அப்போ கோபம், எங்களுக்கே பரீட்சையான்னு. ஆனா தெருவுல வாசிச்சு வளர்ந்த ஒரு பையனுக்கு யாரு மகன், யாரு சிஷ்யன்னு கேட்காம மார்க்கு போடற இடம் அது ஒண்ணுதான். பி, பி-ஹை, ஏ, டாப்னு கிரேடு. 16 வயசுல இருந்து 24 வரைக்கும் உள்ளவங்களுக்குத் தனியா ரேடியோ இசைப் போட்டியும் நடத்தியிருக்காங்க. பாசூன் பயோவுக்கு நேரா வைக்கறதுக்கு நம்மகிட்ட இருக்கற காகிதம் இது.

அப்புறம் ஒரு வேடிக்கை. நாம இங்க மங்கள இசைன்னு ஒதுக்கி வெச்ச வாத்தியத்தைத் தேடி வெளியில இருந்து ஆள் வந்திருக்காங்க. அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ 1970கள்ல இந்தியாவுக்கு வந்து நாதஸ்வரம் கத்துக்கிட்டு, அதைத் தன்னோட ஜாஸ் ஆல்பங்கள்ல வாசிச்சார். எதிர்ப்பக்கம் கத்ரி கோபால்நாத். அப்பா மங்களூர் பக்கத்து நாதஸ்வரக்காரர், மகன் சாக்ஸபோனுக்குப் போனார். 1994ல லண்டன் பிபிசி ப்ராம்ஸ்ல வாசிச்சார். ஒருத்தர் சாக்ஸபோன்ல இருந்து நாயனத்துக்கு, ஒருத்தர் நாயனத்துல இருந்து சாக்ஸபோனுக்கு. எந்தப் பக்கம் மைக் இருந்துச்சுன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

சரி, தம்பி ஃபார்ம் என்னாச்சு?

ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஃபோன்ல உட்கார்ந்தோம். முதல் கேள்வி, "டேய், ஸ்கூல்ல ஏதாவது வாசிச்சியா?" "ஆமாண்ணே, பிளஸ் டூ படிக்கப்போ கலைத் திருவிழான்னு வச்சாவ, மாவட்டத்துல ரெண்டாவது வந்தேன். அதெல்லாமாண்ணே போடுவாவ?" அதெல்லாம்தான்டா போடணும்! முதல் வரி அது.

ரெண்டாவது வரிக்கு நாங்க கொஞ்சம் சண்டை போட்டோம். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு அவன் ரெண்டு வருஷம் ஒரு பெரிய செட்டோட ரெண்டாம் நாயனமா வாசிச்சிருக்கான். அது போட்டி இல்லையேன்னு அவன். போட்டின்னு பொய் எழுத வேண்டாம், ஆனா அங்க ஒருத்தனை எப்படித் தேர்வு பண்றாங்கன்னு அப்படியே எழுதுன்னு நான். எழுதினோம். எத்தனை மணி நேரம், என்ன மல்லாரி, முதல் நாயனம் எடுக்கற சங்கதியைக் கேட்ட மாத்திரத்துல திருப்பி வாசிக்கணும், தப்பினா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க. எட்டு வரி வந்துச்சு. எழுதி முடிச்சிட்டுப் படிச்சுப் பார்த்தா, எனக்கே கொஞ்சம் மிரட்சியா இருந்துச்சு.

அவன் நையாண்டி மேளத்துலயும் வாசிச்சிருக்கான். கரகாட்டத்துக்கு. அதை எழுத அவனுக்குக் கூச்சம், கச்சேரி வித்வான்கள் பார்த்தா ஒரு மாதிரி நினைப்பாங்கன்னு. எங்க பக்கத்துல பாதி நாயனக்காரங்களுக்குச் சோறு போடறது அதுதான், பம்பைக்கும் உறுமிக்கும் ஈடுகொடுத்து ராத்திரி பூரா ஊதறது சும்மாவா? அதையும் எழுதச் சொன்னேன். கடைசியில அரை மனசா எழுதினான்.

மாநாட்டுக் கட்டத்துல எங்களுக்கு எழுத ஒண்ணுமே இல்ல. ரொம்ப நேரம் யோசிச்சிட்டு அவனே ஒரு யோசனை சொன்னான். அந்த மூணு மாசத்துல பாசூன் வாசிக்கறவங்க ரீடு செய்யற இடத்துல உட்கார்ந்து பார்க்கணும், அவங்க நாணலையும் நம்ம கொறுக்கையையும் பக்கத்துல வெச்சு என்ன வித்தியாசம்னு கத்துக்கணும், ஊருக்கு வந்து நாலு பேரைக் கூட்டி அதைச் சொல்லணும். 'பங்களிப்பு'ன்னு கேட்ட கட்டத்துல இதை எழுதலாமான்னு கேட்டான். எழுதுடான்னேன்.

ஃபார்ம் போயாச்சு. பதில் இன்னும் வரல. அவனுக்கு அடுத்த வாரம் வாசுதேவநல்லூர்ல ஒரு கல்யாணம், அதுக்கு அடுத்த நாள் கடையநல்லூர்ல ஒண்ணு. புதுச் சீவாளிக் கட்டு ஒண்ணு வந்திருக்காம், இந்தத் தடவை அஞ்சு பேசுதுன்னு நேத்து மெசேஜ் போட்டிருந்தான்.

இந்த எபிசோடு அவ்வளவுதான். காருக்குறிச்சியாரோட பழைய ரெக்கார்டு யார் வீட்டுலயாவது இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் தவில். வர்றேன்.